புலி வாழும் நெய்தல்
(உரைநடைப் பாடம்)

நுழையுமுன்

ஐந்திணைகளின் கருப்பொருள்களைச் சென்ற பாடத்தில் அட்டவணையாகப் படித்தோம். புலி எந்நிலத்து விலங்கு என்று வினவினால், வகுப்பில் அனைவரும் ஒரே குரலில் 'குறிஞ்சி' என்கின்றீர்கள். நூல் வழி நின்று நோக்கின் அவ்விடை சரியே. ஆயினும் நாம் வாழும் கொல்கத்தாவிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள், மலையே இல்லாத சேற்று நிலத்தில், உப்பங்கழிகளை நீந்திக் கடந்து புலி வாழ்கின்றது. குளிர்கால விடுமுறையில் உங்களுள் சிலர் பெற்றோருடன் அங்குச் செல்லக்கூடும். செல்வதற்கு முன்னர் இப்பாடத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆறும் கடலும் கலக்கும் காடு

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் சுமந்து வந்த வண்டல் படிந்து உருவான நிலமே சுந்தரவனம். இந்தியாவிலும் வங்காளதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இக்காடு விரிந்துள்ளது. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அண்டை நாட்டில் உள்ளது. 'அழகிய வனம்' என்று பெயருக்குப் பொருள் கூறுவாரும், இங்கு வளரும் 'சுந்தரி' என்னும் மரத்தால் பெயர் வந்தது என்பாரும் உளர். வங்காளியர் வாயில் 'வனம்' என்பது 'பொன்' என ஒலிக்கும். 'ஷுந்தொர்பொன்' என்று படகோட்டி சொல்லும்போது, அவர் தங்கத்தைப் பற்றித்தான் பேசுகின்றார் என்று நம் செவி ஒரு கணம் ஏமாறும்.

இக்காட்டின் இந்தியப் பகுதியில் 1973-ஆம் ஆண்டு 2,585 சதுர கிலோமீட்டர் பரப்பு புலிகள் காப்பகமாக்கப்பட்டது. 1984-இல் தேசியப் பூங்காவும் அமைந்தது. 1987-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபிடமாக ஏற்றது. 2019-இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. தேர்வுக்கு இவ்வாண்டுகள் போதும்.

சியால்தா நிலையத்தின் தெற்குப் பிரிவிலிருந்து கேனிங் வரை புறநகர் இரயில் செல்கின்றது. அங்கிருந்து சாலை வழியே கோட்காலி; அதற்கப்பால் படகே வழி. கேனிங் இன்று ஒரு மீன் சந்தையாகவே நம் கண்ணுக்குத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதனைப் பெருந்துறைமுகமாக்க முனைந்தனர். மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால் புயல் அதனை அழித்துவிடும் என்று 1853-இலேயே ஒருவர் எச்சரித்தார். அவர் பெயர் ஹென்றி பிடிங்டன். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் சொல்லை உலகுக்கு ஆக்கித் தந்தவர் அவரே. அவர் வாழ்ந்தது நம் கொல்கத்தாவில். அவர் சொல்லை எவரும் கேட்கவில்லை. துறைமுகம் எழுந்தது, 1867-இல் அடித்த புயல் அதனைச் சிதைத்தது. சொல்லை ஆக்கியவர் அதற்கு முன்பே, 1858-இல், மறைந்துவிட்டார்.

கூடாரம் எங்கே?

குடும்பத்துடன் அங்குச் சென்றபோது, "கூடாரம் எங்கே அடிப்போம், அப்பா?" என்று என் மகன் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தான். முதுமலையையும் வால்பாறையையும் பற்றிக் கேட்டறிந்த பிள்ளைகளுக்குக் காடு என்றால் கூடாரமும் தீ மூட்டலும்தான் நினைவுக்கு வருகின்றன. சுந்தரவனத்தில் அது நடவாது. காட்டுத்தீவுகளில் கால் வைக்கவே அனுமதி இல்லை. சஜ்னேகாலி, சுதன்யகாலி, தோபாங்கி முதலிய இடங்களில் வனத்துறை அமைத்துள்ள காவற்கோபுரங்களில் மட்டுமே இறங்கலாம். அனுமதிச் சீட்டும், பதிவு பெற்ற வழிகாட்டி ஒருவரும் இன்றிப் படகு காட்டுக்குள் நுழையக் கூடாது. இரவில் எதிர்க்கரை ஊர்களில் உள்ள விடுதிகளில் தங்குதல் வேண்டும். அவ்வூர்களுள் ஒன்றின் பெயர் பாக்கிராலய். 'பாக்கி' என்பது பறவை. 'ஆலய்' என்பது நம் 'ஆலயம்' தான். பறவைகளின் இருப்பிடம் எனப் பொருள்படும்.

ஆகவே பகல் முழுதும் படகே வீடு. மேல்தளத்தில் பாய் விரித்து அமர்தலும், கீழே படகோட்டி சமைக்கும் சோற்றையும் மீன்குழம்பையும் உண்ணுதலும், உச்சிப்பொழுதில் ஆளுக்கொரு மூலையில் உறங்குதலும் பிள்ளைகளுக்குக் கூடாரத்தை மறக்கச் செய்துவிட்டன. படகின் பெயரைக் கேட்டுச் சிரித்தனர். பொறி பொருத்திய நாட்டுப்படகை அங்கு 'பட்பட்டி' என்பர். பொறி எழுப்பும் ஒலியே பெயராயிற்று. 'படபட' என்னும் நம் இரட்டைக்கிளவியும் இவ்வாறு ஒலியினின்று பிறந்ததே என்று சொன்னேன். விடுமுறையிலும் இலக்கணமா என்பதுபோல் இருவரும் என்னை நோக்கினர்.

காவற்கோபுரத்தில் பிள்ளைகள் முதலில் கண்டது வேலி. அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையில் புலி கம்பிக்கு உள்ளே நிற்கும். நாம் வெளியே நிற்போம். இங்கு நாம் உள்ளே. வலைக்கு அப்பால் புள்ளிமான்கள் விருப்பம்போல் மேய்கின்றன. குரங்குகள் கேவ்ரா மரத்தின் தழையைக் கடித்துக் கீழே போட, மான்கள் வந்து அவற்றைத் தின்கின்றன. அக்குரங்குகளுள் ஒன்று வேலியைத் தாண்டி வந்து, சுற்றுலா வந்த ஒரு சிறுமியின் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பறித்துச் சென்றது. சிறுமி அழுதாள். வேறொருவர் குரங்குக்கு இன்னொரு பிஸ்கட்டை எறிந்தார்! வழிகாட்டி விரைந்து வந்து அவரைத் தடுத்தார். தின்பண்டம் பெற்றுப் பழகிய குரங்கு நாளை அடுத்த பிள்ளையின் கையைக் கடிக்கும் என்பதே அவர் கூறிய காரணம். நம்மூர்ப் பழமுதிர்சோலையிலும் திருமலையிலும் இதே காட்சியை நாம் காணவில்லையா?

வற்றம் காட்டும் உலகு

சுந்தரவனத்தின் கடிகாரம் கடலே. ஒரு நாளில் இருமுறை ஓதம் ஏறுகின்றது, இருமுறை வடிகின்றது. ஏற்றத்தில் மரங்களின் இடை வரை நீர் நிற்கும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அங்கே வழுக்கும் சேற்றுச் சரிவு தெரியும். எப்போது படகு சிறு கால்வாய்க்குள் நுழையலாம், எப்போது வெளியேறவேண்டும் என்பதை ஓதமே முடிவு செய்கின்றது.

பிள்ளைகளுடன் செல்வோர் வற்றத்துக்காகக் காத்திருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலோர் புலியை எண்ணி மரங்களுக்கிடையே பார்வையைச் செலுத்திக்கொண்டு, கண்முன் நிகழ்வதைக் காணாது திரும்புகின்றனர். சேற்றைப் பாருங்கள். விரல் நீளமுள்ள மீன்கள் நீரை விட்டு வெளியேறி, முன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றின்மேல் தத்தித் தத்திச் செல்கின்றன. தோல் ஈரமாக இருக்கும்வரை அவற்றால் காற்றையும் உயிர்க்க முடியும். ஒரு மீன் மற்றொன்றைத் துரத்திச் சேற்றில் சண்டையிடுவதை என் மகள் அரைமணி நேரம் கண்கொட்டாது பார்த்திருந்தாள்.

அவற்றை அடுத்துச் செந்நிறச் சிறு நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெருத்திருக்கும். அதனை அது மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். பெண் நண்டை அழைப்பதற்கும் போட்டி நண்டை எச்சரிப்பதற்கும் அந்த அசைவு பயன்படுகின்றது. நூற்றுக்கணக்கான நண்டுகள் ஒருசேரக் கையசைக்கும் காட்சியைக் கண்ட பிள்ளைகள் தாமும் எழுந்து நின்று கையசைத்தனர். படகு சற்று நெருங்கியதும் அத்தனையும் வளைக்குள் மறைந்தன. பொறியை நிறுத்திவிட்டுப் பேசாதிருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மீண்டும் வெளிவரும்.

அதே சேற்றில் மரக்கட்டை போலக் கிடப்பது செம்மூக்கு முதலையாக இருக்கலாம். உவர்நீரில் வாழும் இம்முதலை, இன்று உலகில் வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. படகின் விளிம்பிலிருந்து நீரில் கைவிட்டு அளையக் கூடாது என்று படகோட்டிகள் கடிந்து சொல்வது இதனாலேயே. அவர்கள் சினத்தைப் பிழையாகக் கொள்ளற்க.

தில்லை மரத்தைக் கண்ட கதை

கரையோரத்தில் இலைகள் செம்மஞ்சளாகப் பழுத்து நின்ற ஒரு மரத்தை வழிகாட்டி சுட்டி, "கேவா" என்றார். அதன் பாலைத் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்றும் எச்சரித்தார். எனக்கு மெய் சிலிர்த்தது. அது தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம். அவ்வூரின் அருகே பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் அது நிற்கின்றது. தொழில் நிமித்தம் வடக்கே வந்து, தமிழ் எழுத்தைக் கடைப்பலகையில்கூடக் காணாத ஊரில் ஆண்டுகள் பல கழித்தவனுக்கு, சேற்றில் நின்ற அம்மரம் ஊர்க்காரர் ஒருவரைப் போலத் தோன்றியது.

பிச்சாவரத்தில் உள்ள அலையாத்தி மரமும் இங்கு உண்டு, 'பாயின்' என்பர். சேற்றில் காற்றோட்டம் இல்லாமையால் அதன் வேர்கள் மண்ணுக்கு மேலே ஆணிகள் போல நீண்டு நின்று மூச்சுவிடுகின்றன. உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுவதால், இலைமீது உப்புத்துகள் மின்னும். கண்டல் மரமோ தன் விதையைத் தாய்மரத்திலேயே முளைக்கவிட்டு, நீண்ட முளையாக வளர்ந்த பின்னரே கீழே விழவிடுகின்றது. ஓதம் கொண்டுசெல்லும் முன் வேரூன்றவேண்டுமே!

இனி அட்டவணைக்கு வருவோம். நெய்தலுக்குரிய முதலை இங்குண்டு. மருதத்துக்குரிய நீர்நாயும், முல்லைக்குரிய மானும், குறிஞ்சிக்குரிய புலியும் உண்டு. ஒரு திணைக்குரிய பொருள் மற்றொரு திணையில் வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்று நம் இலக்கணம் கூறும். அதனைச் செய்யுளில் மட்டுமே காணலாகும் என்று எண்ணியிருந்தோர்க்குச் சுந்தரவனம் நேரிலேயே காட்டுகின்றது. அட்டவணை பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. அட்டவணையை அறிந்தவனே, இங்குப் புலி நீந்துவதில் உள்ள வியப்பை முழுமையாக உணர்வான்.

காணாத புலி

2022-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கச் சுந்தரவனத்தில் 101 புலிகள் உள்ளன. அவை அகன்ற ஆறுகளை நீந்திக் கடக்கின்றன, உவர்நீரைப் பருகுகின்றன, மானும் பன்றியும் அன்றி மீனையும் நண்டையும்கூட உண்கின்றன. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் நூற்றொரு புலிகள் என்றால், இரண்டு நாள் பயணத்தில் ஒன்றைக் காணும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணக்கு வகுப்பில் கேட்டறியுங்கள். நாங்கள் காணவில்லை. ஈரச் சேற்றில் நீர்விளிம்பிலிருந்து மரக்கூட்டம் வரை நேர்க்கோடாகச் சென்ற காலடித் தடங்களை மட்டும் கண்டோம். ஓதம் ஏறினால் தடம் அழிந்துவிடும். அழியாதிருந்தமையால் புலி சென்று சில மணி நேரமே ஆகியிருந்தது.

அருகில் வந்த மற்றொரு படகில் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. "புலியே வா, புலியே வா" என்று பிள்ளைகள் கூவினர். எங்கள் படகிலும் அக்கூக்குரல் தொற்றிக்கொண்டது. வழிகாட்டி சிரிக்கவில்லை. "அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், தம்பி" என்று மட்டும் என் மகனிடம் வங்காளத்தில் மெல்லச் சொன்னார்.

காட்டுக்குள் நுழையும் மீனவரும் தேன் எடுப்போரும் புலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, 'மாமா' என்பர். நச்சுப் பாம்பை நாம் 'நல்ல பாம்பு' என்பதில்லையா? அதனை மங்கல வழக்கு என்று படித்தோம். அச்சத்தைத் தரும் ஒன்றை உறவாக்கிக்கொள்ளும் மனம் இரு மொழிகளிலும் ஒன்றே.

ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதத்தில் தேன் எடுப்போர் அனுமதி பெற்றுக் காட்டுக்குள் செல்கின்றனர். நண்டு பிடிப்போர் சிறு துடுப்புப் படகுகளில் கால்வாய்களுக்குள் நுழைகின்றனர். அவர்களுள் சிலர் திரும்புவதில்லை. புலி பின்புறமிருந்தே தாக்கும் என்பதால், 1980-களின் பிற்பகுதியில் மனித முகம் வரைந்த முகமூடியைப் பிடரியில் அணிந்து செல்லும் முறையை வனத்துறை சோதித்தது. முதலில் நற்பயன் விளைந்தது. நாளடைவில் புலிகள் அவ்வேமாற்றைக் கண்டுகொண்டன என்பர். ஊர்களின் ஓரத்தில் இப்போது நைலான் வலை வேலி கட்டப்பட்டுள்ளது. வேலி புலியை ஊருக்குள் வாராமல் தடுக்கலாம். மனிதன் காட்டுக்குள் செல்வதைத் தடுப்பது எது? 2009-ஆம் ஆண்டு மே மாதம் அய்லா புயலும், 2020-ஆம் ஆண்டு மே மாதம் ஆம்பன் புயலும் கரைகளை உடைத்து வயல்களில் உப்புநீரை நிரப்பின. நெல் விளையாத நிலத்தவர், பிழைப்புக்கு ஆற்றைத்தான் நாடவேண்டும்.

காட்டுக்குள் செல்லும் முன்னர் அவர்கள் பொன்பீபியை வணங்குகின்றனர். 'வனத்தின் தலைவி' என்பது அப்பெயரின் பொருள். இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே வணங்கும் தெய்வம் அவள். அவள் கதையைக் கூறும் நூல் வங்கச் செய்யுளால் ஆயது. ஆயினும் அரபு நூலைப்போல வலப்புறத்திலிருந்து பக்கங்களைப் புரட்டிப் படிக்குமாறு அச்சிடப்பெறும். கதையில் துக்கே என்னும் ஏழைச் சிறுவன் வருகின்றான். தேனுக்கும் மெழுகுக்கும் ஆசைப்பட்ட உறவினன், புலி உருக்கொள்ளும் தக்கிண ராயனுக்கு அவனை ஈடாகக் கொடுக்க இசைந்து, தீவில் தனியே விட்டுச் செல்கின்றான். தாய் சொல்லியனுப்பியவாறு சிறுவன் பொன்பீபியை அழைக்க, அவள் வந்து காக்கின்றாள். முதலையின் முதுகிலேற்றி வீட்டுக்கு அனுப்புகின்றாள். தக்கிண ராயனை அவள் கொல்வதில்லை. காடு அவனுக்கும் உரியது. தேவைக்கு மட்டும் எடுப்போர் தூய மனத்துடன் வரலாம் என்று இரு தரப்புக்கும் எல்லை வகுக்கின்றாள்.

அன்று மாலை விடுதித் துறையில் படகு அணைந்தபோது, வழிகாட்டியின் மகன் தந்தைக்காகக் காத்து நின்றான். என் மகன் வயதுதான் இருக்கும். "புலி பார்த்தீர்களா?" என்று அவன் எங்களைக் கேட்கவில்லை, தந்தையைத்தான் கேட்டான். "இல்லை" என்றார் அவர். அச்சிறுவனின் முகம் மலர்ந்தது. என் மகன் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு உணவின்போது அவன் புலியைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பையன் எந்த வகுப்பில் படிக்கின்றான் என்று மட்டும் கேட்டான்.

அருஞ்சொற்பொருள்

ஓதம் – கடல்நீர் ஏறி இறங்குதல். வற்றம் – நீர் வடிதல். உப்பங்கழி – கடல்நீர் புகுந்து தேங்கும் நீர்ப்பரப்பு. வண்டல் – ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மென்மண். பிடரி – பின்கழுத்து. வளை – நண்டு முதலியன வாழும் பொந்து.

வினாக்கள்

1. சுந்தரவனம் என்னும் பெயருக்குக் கூறப்படும் இரு காரணங்கள் யாவை?

2. கேனிங் துறைமுகம் குறித்த எச்சரிக்கை யாது? அதன்பின் நிகழ்ந்தது என்ன?

3. தில்லை மரத்தைக் கண்ட ஆசிரியருக்கு மெய் சிலிர்த்தது ஏன்?

4. 'மாமா', 'நல்ல பாம்பு' ஆகிய வழக்குகளை ஒப்பிட்டு எழுதுக.

5. 'புலி பார்த்தீர்களா?' என்னும் வினா, சுற்றுலா வந்த சிறுவனுக்கும் துறையில் நின்ற சிறுவனுக்கும் எவ்வாறு வேறுபட்ட பொருள் தருகின்றது? ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

மொழிப்பயிற்சி

'தத்தித் தத்தி', 'படபட' ஆகியவற்றுள் அடுக்குத்தொடர் எது, இரட்டைக்கிளவி எது? காரணம் கூறுக. ஒலியினால் பெயர் பெற்ற பொருள்கள் மூன்றினைத் தமிழிலும், உங்கள் வங்காள நண்பரிடம் கேட்டு வங்க மொழியிலும் எழுதுக.

செயல்பாடு

சுந்தரவனம் செல்ல இயலாதோர், நரேந்திரபூரில் உள்ள சிந்தாமணி கர் பறவைகள் காப்பகத்துக்கோ, குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் கூடும் சாந்த்ராகாச்சி ஏரிக்கோ பெற்றோருடன் ஒருநாள் காலையில் செல்க. ஓரிடத்தில் அரைமணி நேரம் பேசாது அமர்ந்து, கண்ட உயிர்களைக் குறித்துக்கொண்டு, அவை எத்திணைக்கு உரியவை என அட்டவணைப்படுத்துக. அட்டவணையில் அடங்காதவற்றைத் தனியே எழுதி வகுப்புக்குக் கொண்டுவருக.